கேமராவுக்குச் சொல்லி வச்ச விருந்தாளிங்க

...சாவி எங்கயும் போயிடாது தம்பி, தர்றேன். என் எடத்துக்கு வாட்ச்மேனா வந்திருக்கே, கேட்டுட்டுப் போ. இந்த ஒயர் கம்பெனி கேட்டுல பதினேழு வருஷம் உக்காந்திருந்தேன். என்னிக்கு இந்தக் கேமராவ மாட்டுனாங்களோ, அன்னிக்கே போச்சு நிம்மதி.

கெய்ரோவுல ஏசி ரூம்ல நெர்மீன்னு ஒரு பொண்ணு. கேமரா மெஷின் அன்னிய ஆளக் கண்டுபுடிச்சு அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுமாம், அது எனக்குப் போன் போடுமாம். நாய் போனா போன். பிளாஸ்டிக் பை பறந்தா போன். பை தாம்மா, பைன்னு கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போச்சு.

அதையும் பொறுத்துக்கிட்டேன். நோன்பு மாசம் வந்துச்சா... சாயங்காலம் நோன்பு தொறக்க பாங்கு சொல்ற நேரத்துல ரோட்டுல போறவன விட்டுட்டுத் தனியாத் திங்க முடியுமா, சொல்லு. கேட்டுக்குள்ள பாய விரிச்சு, மொச்சையும் பேரீச்சம்பழமும் வச்சு, லாரிக்காரன், குப்பை பொறுக்கறவன்னு எல்லாரையும் கூப்பிட்டேன். பழத்த வாயில வைக்கறேன், போன்! அத்தன பேரும் அன்னியனாம். வந்துச்சு பாரு கோவம். "பாங்கு சொன்னப்புறம் ஒரு மணி நேரம் உள்ள வர்றவன் எல்லாம் என் விருந்தாளி. மெஷினுக்கும் சொல்லி வையி"ன்னுட்டேன். சொல்லி வச்சுது, பாவம்.

அப்புறம் ஒரு தொந்தரவு இல்ல. இருபத்தேழாம் நோன்பு அன்னிக்கு நாலு பேரு வண்டியோட வந்தானுங்க. வயிறாரச் சாப்பிட்டு, எனக்காக அல்லாகிட்ட துஆவும் கேட்டானுங்க. அப்புறம் ஏதோ சீட்டக் காட்டி, ஆறு செம்புக் கம்பி உருளைய ஏத்திட்டுப் போயிட்டானுங்க. மெஷின் வாயே தொறக்கல! முதலாளி ஷௌகத் ஹாஜியார் என்னய வீட்டுக்குப் போங்கறாரு. இந்த வயசுல நான் வேற எந்தக் கேட்டுல போய் நிக்க?

என்ன அப்படிப் பாக்கறே... ஆபீஸ்ல கேமராப் படத்தப் போட்டுக் காட்டிட்டாங்களா?

சரி. ஆமா, உருளையோட இந்தப் பக்கத்தப் புடிச்சிருக்கறது நாந்தான். சாப்பிட்டவன் ஒரு கை குடுங்கன்னா மாட்டேன்னா சொல்றது? அவனுங்க தலைக்கு மேல பச்சைக் கட்டம், விருந்தாளின்னு. எனக்கு மட்டும் செவப்பு, மொகம் பதியாதவன் சரக்கத் தொட்டா அன்னியனாம். மொகத்தப் பதியணும், போட்டோவுக்கு வாங்கன்னு மூணு தடவ கூப்பிட்டாங்க... என் கேட்டுல எனக்கு எதுக்குப் போட்டோன்னு போகல.

வாயே தொறக்கலன்னு சொன்னேன்ல... ஒரே ஒரு தடவ தொறந்துச்சு. நெர்மீன் போன் போட்டு, "பெரியப்பா, ஒரு அன்னியன் உருளையத் தூக்கறான், ஓடுங்க"ன்னுச்சு. உருளையக் கீழ வச்சிட்டு நாலு பக்கமும் பாத்தேன். ஒருத்தனையும் காணோம், எல்லாம் நம்ம விருந்தாளிங்கதான். அப்படி யாரும் இல்லம்மான்னு சொல்லிட்டு, மறுபடியும் தூக்குனேன்.