தோ வந்துட்டேன்

சிரிச்சேனா? உங்களப் பாத்து இல்லீங்கக்கா. இந்த யுத்தத்துல பெட்ரோல் ஏது, கண்டக்டர் பஸ்ஸு அடுப்புக்குக் கரி போட எறங்கறப்ப, தோ கெளம்பிடுச்சுன்னாருல்ல, அதுக்குத்தான். குன்னத்துல நின்ன பஸ்ஸு, இன்னும் நிக்கிது பாருங்க.

ஆமாங்க, திருச்சியில காலேஜு படிச்சேன். இப்படி பேசுற ஆளெல்லாம் இல்லீங்க நான். பூலாம்பாடியில, மாமியா வூட்ல, அடுப்புக்கும் எனக்கும்தான் பேச்சு.

இங்கிலீசுல ஸூன் அப்படின்னு ஒரு வார்த்தைங்க. சீக்கிரமான்னு அர்த்தம். ஆயிரம் வருசத்துக்கு முந்தி அவங்க பழைய பாசையில அது ஸோனான்னு இருந்துச்சு. அப்ப, இந்த நிமிசமேன்னு அர்த்தம். அதுக்கும் முந்தி, ஜெர்மன்காரங்க முப்பாட்டனும் இங்கிலீஸ்காரங்க முப்பாட்டனும் ஒரே பேச்சு பேசுனாங்களாம். இன்னிக்கு குண்டு போட்டுக்கறாங்க. அந்தப் பேச்சுலயே இந்த வார்த்தைக்கு வேர் இருக்கு. அதுக்கு அந்தாண்ட யாருக்கும் தெரியல.

எப்படி மாறுச்சா? ஜனங்கதான். இப்பவே வரேன்னுட்டு மெதுவா வந்தாங்க. கேக்குறவங்களும் பழகிட்டாங்க. நம்ம ஊருல குளிச்சிகிட்டு இருக்கறப்பவே தோ வந்துட்டேங்கறாங்கல்ல, அப்படித்தான்.

அய்யோ, நான் எங்கீங்க கண்டுபுடிச்சேன்! எங்க வூட்டுக்காரர் சொன்னாங்க. ஹைஸ்கூல் வாத்தியார். சாப்பாட்டுக்கு உக்காந்தா ஒரு வார்த்தைய எடுத்துப்பாங்க. அது வேரோட வந்தாத்தான் அடுத்த கவளம். சோறு ஆறிப் போவும், மாமியாருக்கு ஒரே கோவம்.

பட்டாளத்துல சேந்து பர்மா பக்கம் போனாங்க. அரியலூர் ஸ்டேசன்ல, ரயில் நகர்றப்ப, ஸூன் அப்படின்னாங்க. பழைய ஸூனா, புது ஸூனான்னு கேட்டேன். சிரிச்சாங்க.

இப்ப எங்க போறோமுங்களா? எங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு மாமனார் கூட்டிட்டுப் போறாரு. அதோ, டிரைவர் பின்னால, துண்டால மூஞ்சிய மூடிகிட்டு. தூங்கல, பாவம்.

பூவுங்களா? அவர்தான் பெரம்பலூர்ல வாங்கிக் குடுத்தாரு. கல்யாணமாயி வந்ததுலேருந்து என்கிட்ட நேரா நின்னு பேசாத மனுசன். வச்சுக்கம்மான்னு நீட்டுனாரு. மாமனார் மருமவளுக்குப் பூ வாங்கி எங்கயாவது பாத்திருக்கீங்களா?

நேத்து பட்டாளத்து ஆளு ஒருத்தர் வாசல்லயே நின்னு மாமனார்கிட்ட பேசிட்டுப் போனாரு. அதுலேருந்து வூட்ல யாரும் என் மூஞ்சியப் பாக்கல. எங்கம்மா நல்லாத்தான் இருப்பாங்க. அங்க கொண்டுபோயி வச்சு சொல்லலாம்னு இருக்காங்க.

அழாதீங்கக்கா, அவருக்குக் கேட்டுடும். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுகிட்டு வராரு. அரியலூர் வரைக்கும் அப்படியே இருக்கட்டும்.

எங்க வூட்டுக்காரர் பேரா? குருநாதன்.

பேரச் சொல்லிட்டேன்னு பாக்குறீங்களா? பரவாயில்லீங்க. இனிமே சொல்லலாம்.