சட்டைப்பை இருக்கும் இடம்

இந்தப் பல் மருத்துவ முகாமுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தையல் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே, தலை நரைத்தும் தடுமாறாமல் ஊசியில் நூல் கோக்கும் பெரியோர்களே, எங்கள் இருமலை வைத்தே எங்கள் பொய்யைக் கண்டுபிடிக்கும் தாய்மார்களே, பின்வரிசையில் இப்போதே கொட்டாவி விடும் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் பிரிவுத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பேன்ட் தைக்கிறவனுக்குப் பல்லைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கிறீர்களா? நூலை எதனால் அறுக்கிறோம்? பல்லால். குண்டூசியை எங்கே வைக்கிறோம்? வாயில். கத்தரி எதற்கு இருக்கிறது? தொலைந்துபோவதற்கு.

எங்கள் கடையின் கட்டிங் மாஸ்டர் என் தங்கையின் கணவர். வாயில் எப்போதும் ஏழெட்டுக் குண்டூசி. ஈறு வீங்கியது, சீழ் வந்தது, விட்டு விட்டுக் காய்ச்சலும் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லித் தங்கை கெஞ்சினாள். பள்ளிச் சீருடை முடியட்டும் என்றார். சீருடை என்றைக்கு முடிந்திருக்கிறது?

ஒரு நாள் மத்தியானம், தைத்த சட்டையைப் போட்டுப் பார்க்கக் கண்ணாடிக்கு முன்னால் நின்ற மாஸ்டர் இடது நெஞ்சில் கையை வைத்தார். வாய் நிறையக் குண்டூசி, பேச்சில்லை. தையல்காரன் நெஞ்சில் கை வைத்தால் இன்னொரு தையல்காரனுக்கு என்ன தோன்றும்? சட்டைப்பை தோன்றும். துணியில் குறி போடும் சாக்கட்டியை நான் நீட்டினேன்.

"மாப்பிள்ளே, பை இன்னும் ரெண்டு இஞ்ச் கீழ வரணும்."

அவர் சாக்கட்டியை வாங்கவில்லை. அப்படியே சரிந்தார்.

சிரியுங்கள் தோழர்களே, அவர் பிழைத்துவிட்டார், சிரிக்கலாம். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தங்கையின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

மாரடைப்பு என்றார் மருத்துவர். பிறகு வாயைத் திறந்து பார்த்தார். ஈறில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து இதயக் குழாய் வரை போய்த் தொல்லை கொடுக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் சந்தேகிக்கிறார்களாம். அதுதான் காரணமா என்று கேட்டேன்.

"உறுதியா சொல்ல முடியாது. ஆனா பல்லைச் சும்மா விட்டுடாதீங்க."

உறுதி வரும்வரை ஊசியைக் கடித்துக்கொண்டிருப்போமா? சீழ் வரும்வரை, காய்ச்சல் வரும்வரை, கை நெஞ்சுக்கு வரும்வரை காத்திருப்போமா?

என்ன மாப்பிள்ளை, முன்வரிசையிலிருந்து கை தூக்குகிறீர்கள்? என் அளவு தப்பாம். பை ஒரு இஞ்ச்தான் கீழே வரவேண்டுமாம். அன்று வாயில் ஊசி இருந்ததால் சொல்ல முடியவில்லையாம்.

என் ஈறிலும் மூன்று மாதமாக ரத்தம் வருகிறது. தங்கைக்கு இப்போதுதான் தெரியும். அவள் பார்க்கிற பார்வையைப் பாருங்கள். முகாமுக்குள் முதல் ஆளாக நான் போகிறேன். இனி யாராவது நெஞ்சில் கை வைத்தால் சாக்கட்டியை நீட்டாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டுக் கைதட்டும் உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.