ஜூலை மூன்றாம் வாரத்து முதல் பாட்டு

டாக்டரம்மா, உங்கள் படிவத்தில் எழுதுவதற்கு ஐந்தே ஐந்து கோடு விட்டிருக்கிறீர்கள். “நோயாளியின் மறதியை முதலில் கவனித்தவர் யார், எப்போது, எப்படி” என்று மூன்று கேள்விகள். நான் வளவளவென்று எழுதுகிற ஆள். மளிகைப் பட்டியல் எழுதச் சொன்னால்கூட முன்னுரை எழுதி முடித்துவிட்டுத்தான் உப்புக்கு வருவேன் என்பாள் என் மனைவி. அதனால் தனித் தாள்களில் எழுதி, குண்டூசி குத்தி இணைத்திருக்கிறேன். கையெழுத்து தெளிவாகவே இருக்கும். முப்பத்தாறு வருடம் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்தவன் நான். பிறர் படிக்க முடியாதபடி எழுத எனக்கு வராது.

முதலில் கவனித்தவன் நான்தான். மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்ல, எங்கள் சங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, பல் டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் கூடுவோம். பல் டாக்டரும் உறுப்பினர்தான். மொத்தம் பதினோரு பேர். எல்லோருக்கும் எழுபதை ஒட்டிய வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றிலிருந்து எழுபத்துநான்கு வரை சனிக்கிழமை மாலைகளில் வானொலியில் அந்த வாரத்துப் பத்துப் பாப் பாடல்களை வரிசைப்படுத்தி ஒலிபரப்புவார்கள். பத்தாவதில் தொடங்கி முதலாவதில் முடியும். நேயர்கள் தபால் அட்டையில் எழுதிப் போட்ட வாக்குகள்தான் கணக்கு. அந்தப் பாடல்களைத் திரும்பக் கேட்பதும் அவற்றைப் பற்றிச் சண்டை போடுவதும்தான் சங்கத்தின் வேலை. எழுபத்தைந்துக்குப் பிறகு உலகத்தில் பாட்டே வரவில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. வந்ததா என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை.

பாடல்களின் உண்மையான தலைப்பை நாங்கள் சொல்வதில்லை. ரயில் சத்தத்தோடு ஆரம்பிப்பது ரயில் பாட்டு. நடுவில் ஐந்து முறை கைதட்டுவது கைதட்டுப் பாட்டு. வெளியாள் கேட்டால் குழந்தைகள் பேசுவதாக நினைத்துக்கொள்வான்.

இந்தச் சங்கத்தில் என் பெயர் லிஸ்ட்டு. காரணம் இருக்கிறது. நாலு வருடமும் வாராவாரம் வானொலி முன்னால் உட்கார்ந்து பத்துப் பாடல்களையும் ஒரு நீள நோட்டில் எழுதியவன் நான். எழுதியது மனப்பாடமும் ஆகிவிட்டது. யாராவது தேதி ஒன்றைச் சொன்னால் போதும், கண்ணை மூடிக்கொண்டு பத்திலிருந்து ஒன்று வரை ஒப்பிப்பேன். பல் டாக்டர் தன் முதல் காதல் முறிந்த வாரத்தைக் கேட்பார். டீச்சரம்மா கணக்குப் பரீட்சையில் தவறிய வாரத்தைக் கேட்பார். பிற்பாடு அவரே கணக்கு டீச்சர் ஆனது வேறு கதை. நான் சொல்லி முடித்ததும் அறையில் ஒரு பெருமூச்சு எழும். அந்தப் பெருமூச்சுக்காகத்தான் நான் திங்கள் முதல் சனி வரை உயிரோடு இருந்தேன். வீட்டில் என் சட்டை எந்த அலமாரியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கடையில் எனக்குப் பிரிவு உபசாரம் நடத்திய அன்று முதலாளி என் பெயரையே தப்பாகப் படித்தார். இந்தப் பத்துப் பேர் மட்டும்தான் என்னை ஒரு ஆளாக மதித்தார்கள்.

போன வருடம் மார்ச்சில் ரேடியோக்காரர் வந்து சேர்ந்தார். ஆம், உங்கள் நோயாளிதான். வானொலி நிலையத்து இசைத்தட்டு நூலகத்தில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். மனைவி இல்லை, தனியாக இருக்கிறார், அவரே சமைக்கிறார், அவரே கார் ஓட்டுகிறார் என்று சொல்லித் திரைச்சீலைக் கடைக்காரர் அழைத்துவந்தார். சலவை மடிப்புக் கலையாத சட்டை. அதிகம் பேசமாட்டார். எங்கள் ஆட்கள் அவரைத் தலையில் தூக்கிவைத்துக்கொள்ளாத குறைதான். பல் டாக்டர் தன் சுழல் நாற்காலியையே உள்ளேயிருந்து உருட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். இருபது வருடமாக நான் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதை நான் பெரிதுபடுத்தவில்லை. சொல்லவேண்டியதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஒரு மாதம் அவர் வாயே திறக்கவில்லை. அப்புறம் ஒருநாள் டீச்சரம்மா எழுபத்திரண்டு ஜூலை மூன்றாம் வாரத்தைக் கேட்டார். நான் ஒப்பித்தேன். “முதலிடம், ரயில் பாட்டு” என்று முடித்துக் கண்ணைத் திறந்தபோது ரேடியோக்காரர் தொண்டையைச் செருமினார்.

“மன்னிச்சுக்குங்க சார். அந்த வாரம் கைதட்டுப் பாட்டு. புதுசா வந்து நேரா முதல் இடத்துல உட்கார்ந்துச்சு. ரயில் பாட்டு பத்துலயே இல்லை. ரெக்கார்டை எடுத்துக் கொடுத்ததே நான்தான். நடுவுல ஊசி சிக்கிக்கிச்சு. அறிவிப்பாளர் என்னை முறைச்ச முறைப்பு இன்னும் கண்ணுலயே நிக்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். “அட ஆமா, ஊசி சிக்குச்சு, எனக்கும் ஞாபகம் இருக்கு” என்றார் டீச்சரம்மா. இருபது வருடமாக அவருக்கு அது ஞாபகம் வந்ததே இல்லை.

“என் நோட்டுல ரயில் பாட்டுன்னுதான் இருக்கு” என்றேன்.

“அப்ப நோட்டு தப்பு சார்” என்றார். குரலில் வன்மம் எதுவும் இல்லை. மணி என்ன என்று கேட்டவனுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

இப்போது உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். என் மனைவிக்குக்கூட இது தெரியாது. தெரிந்தாலும் “அதுக்கென்ன இப்போ” என்றுதான் கேட்பாள். அந்தச் சனிக்கிழமை இரண்டாம் இடத்துப் பாட்டு முடிந்ததும் என் வானொலியின் பேட்டரி தீர்ந்துபோனது. முதல் பாட்டு எது என்று நான் கேட்கவே இல்லை. அதற்கு முந்தைய ஐந்து வாரமும் ரயில் பாட்டுதான் முதலிடம். பத்திலிருந்து இரண்டு வரை அது வரவில்லை. வேறு எங்கே போயிருக்கும்? எழுதிவிட்டேன். பதினேழு வயதுப் பையன் எழுதியதை ஐம்பது வருடமாக அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆக, ரேடியோக்காரர் வாயைத் திறந்த நொடியிலேயே அவர் சொல்வதுதான் சரி என்று எனக்குத் தெரியும். பேட்டரி தீர்ந்த கதையை அப்போதே சொல்லியிருந்தால் எல்லோரும் இன்னொரு தரம் சிரித்திருப்பார்கள். சொல்லலாமா என்று யோசித்தேன். ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம் யோசித்தேன். டம்ளரைக் கீழே வைத்தபோது, வேண்டாம் என்று முடிவாகியிருந்தது.

கண் பரிசோதிக்கிறவன் ஒரு விஷயம் கற்றுக்கொள்வான். கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றிப் போட்டு “இது தெளிவா, முன்னே போட்டது தெளிவா” என்று கேட்போம். மூன்றாவது முறை கேட்கும்போது நல்ல பார்வை உள்ளவருக்கே தன் கண் மேல் சந்தேகம் வந்துவிடும். சில சமயம் சோதனைக்காக அதே சில்லைத் திரும்பப் போடுவேன். பத்தில் ஒன்பது பேர் இதுதான் தெளிவு என்பார்கள். நான் அவர்களைப் பார்த்து ஒருநாளும் சிரித்ததில்லை.

அடுத்த ஞாயிறு அவரிடம் சொன்னேன். “போன வாரம் கடைசியில நீங்களே ரயில் பாட்டுதான்னு ஒத்துக்கிட்டீங்களே சார்.”

“நானா?”

“பரவாயில்லை சார். நமக்கெல்லாம் வயசாகுதில்ல.”

மற்றவர்கள் தலையாட்டினார்கள். அவர்கள் எதையும் கவனிக்கவில்லை. சீக்கிரம் பாட்டைப் போட்டால் போதும் என்று இருந்தார்கள். ரேடியோக்காரரும் சிரித்தார். ஆனால் சிரித்து முடிக்க வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். அந்தத் தாமதத்தை நான் கவனித்தேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு அந்தத் தேதியை எழுதிக்கொள்ளலாம்.

அதன் பிறகு எல்லாம் சின்னச் சின்ன வேலைகள். அவர் கதவோரம் மாட்டிய குடையைக் கழிவறைக்குள் மாட்டுவேன். வாசலில் என்னுடைய இசைத்தட்டு ஒன்றை அவர் கையில் கொடுத்து, “இரவல் கொடுத்ததுக்கு நன்றி சார்” என்பேன். “இது என்னோடது இல்லையே” என்பார். “உங்க பேரு எழுதியிருக்கு பாருங்க” என்பேன். எழுதியிருக்கும். என் கையெழுத்து தெளிவானது என்று முன்பே சொன்னேன்.

செப்டம்பரில் அவர் சட்டைப் பையில் ஒரு சின்னக் குறிப்பேடு முளைத்தது. பல் டாக்டர் அவருடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்க 13ஆம் தேதி வரச் சொல்லியிருந்தார். குறிப்பேட்டை மேசையில் வைத்துவிட்டு அவர் கை கழுவப் போனார். மூன்றை எட்டாக்குவது மிகவும் சுலபம். 18ஆம் தேதி சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு கிளினிக்கில் வந்து நின்றார். நடுவில் ஐந்து நாள் அந்தப் பல்லோடு இருந்திருக்கிறார். பல் டாக்டரே பயந்துபோய் ரேடியோக்காரரின் மகளுக்குப் போன் செய்துவிட்டார். அதனால் நான் செய்யவேண்டி வரவில்லை.

மகள் தையல் கூடம் நடத்துகிறாள். நாற்பது இயந்திரம் ஓடுகிற இடம். அப்பாவோடு உட்கார்ந்து பேச அவளுக்கு நேரம் ஏது? என்னைக் கூப்பிட்டாள். பின்னால் ஒரே சத்தம்.

“அங்கிள், அப்பா அங்கேயும் இப்படித்தானா? நீங்கதான் அவருக்கு நெருக்கம்னு சொன்னாங்க.”

நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பிறகு, “அதை நான் சொல்லக்கூடாதும்மா” என்றேன். நான் செய்தவற்றில் அந்த மௌனம்தான் நல்ல வேலைப்பாடு. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை பாருங்கள்.

கார் சாவியை அவள் வாங்கிக்கொண்டாள். அடுப்பைப் பற்றவைப்பதை அவரே நிறுத்திக்கொண்டார். அணைக்க மறந்துவிடுவேனோ என்று பயம். ஒருநாளும் அவர் மறந்ததில்லை. ஜனவரியில் உங்களிடம் அழைத்துவந்தார்கள். ஐந்து சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டீர்களாம். “எனக்குத் தெரியாதும்மா, லிஸ்ட்டு சாரைத்தான் கேக்கணும்” என்றாராம். நீங்கள் பூஜ்யம் போட்டீர்கள். வெளியே வந்ததும் என்னிடம் அந்த ஐந்தையும் சொன்னார். சாவி, பூனை, நாற்காலி, மஞ்சள், பாலம். வரிசை மாறாமல் சொன்னார். அப்போது சொல்லத் தைரியம் வரவில்லை, தப்பாக இருந்துவிட்டால் மகள் வருத்தப்படுவாள் என்றார். நான் உங்களிடம் சொல்லவில்லை.

இப்போது அவர் உங்கள் காப்பகத்தின் இரண்டாம் மாடியில், நாலு கட்டில் போட்ட அறையில் இருக்கிறார். மாத்திரை பகலிலேயே தூக்கத்தைத் தருகிறது. அவருடைய இசைத்தட்டுகளை மகள் எனக்கே கொடுத்துவிட்டாள். கைதட்டுப் பாட்டின் உறைக்குள் அந்த வாரத்து நிலையப் பட்டியல் இருந்தது. தட்டச்சு செய்து முத்திரை குத்தியது. முதலிடத்தில் அவர் சொன்ன பாட்டு. அதை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை எங்கள் வீட்டுக் குப்பையிலும் மறு பாதியைக் கிளினிக் குப்பையிலும் போட்டேன். எனக்கு அவ்வளவு விவரம் உண்டு.

அப்படியானால் இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். நான் உங்கள் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அவரை நிரந்தரமாக வைத்துக்கொள்வீர்கள், வீட்டைக் காலி செய்துவிடுவார்கள். அது ஒரு காரணம். இன்னொன்று போன புதன்கிழமை நடந்தது. வழக்கம்போலப் போய்க் கட்டில் ஓரம் உட்கார்ந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

“நீங்க சொல்றது சரியாத்தான் சார் இருக்கும். ஆனா எனக்கு அந்த ஊசி சிக்கின சத்தம் மட்டும் போகவே மாட்டேங்குது. அதையும் மாத்திரை நிறுத்திடுமா?”

நிறுத்திவிடும் என்றேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன், சோறு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது. எழுபது வயதில் அப்படி ஒரு வெட்கம் வரும் என்று நினைக்கவில்லை. மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “காய்ச்சல் இல்லையே” என்றாள்.

ஆகவே எழுதுகிறேன். அவருக்கு மறதி இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை. அவர் மறந்ததாக நீங்கள் குறித்துவைத்திருக்கும் ஒவ்வொன்றையும் நான் செய்தேன், தெரிந்து செய்தேன், யாருடைய உதவியும் இல்லாமல் செய்தேன். மாத்திரையை நிறுத்திவிட்டு அவரை வீட்டுக்கு அனுப்புங்கள். போலீசுக்குச் சொல்வதானால் சொல்லுங்கள், வருகிறேன். கீழே கையெழுத்து, தேதி எல்லாம் இருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். சங்கத்தில் மட்டும் இது தெரியவேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை, மற்ற பத்துப் பேருக்கும் வயதாகிவிட்டது, பாடல்களைத் தவிர அவர்களுக்கு வேறு பிடிப்பு இல்லை, தாங்கமாட்டார்கள். மருந்தில் குணமாகிவிட்டார் என்று சொல்லிவிடுங்கள். குணமானதை உறுதிசெய்துகொள்ள உங்களுக்கு வழி வேண்டுமென்றால், எழுபத்திரண்டு ஜூலை மூன்றாம் வாரத்தில் முதலிடம் எந்தப் பாட்டுக்கு என்று அவரிடம் கேளுங்கள். சரியாகச் சொன்னால் அன்றைக்கே அனுப்பிவிடலாம். தவறாகச் சொன்னால் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வைத்திருந்து பாருங்கள்.

சரியான விடை: ரயில் பாட்டு.