கோபால் பத்து, வெங்கடேசன் எட்டு

பெயர் ச. அப்பாவு. தந்தை பெயர் சபாபதி. வயது 49. படிப்பு எம்.ஏ. வரலாறு. சுங்குவார்சத்திரம் அருகே ஒரு தனியார் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு சூப்பர்வைசர். இருப்பிடம் பென்னலூர் கிராமம், மாரியம்மன் கோயில் தெரு. நாள் 17.8.1991, சனிக்கிழமை.

இந்த வாக்குமூலத்தை முதலில் ஏட்டு எல்லப்பன் எழுதத் தொடங்கினார். "வில்வித்தை" என்று நான் சொன்னதை "வில்லங்க வித்தை" என்று எழுதினார். நான் ஆட்சேபித்ததன் பேரில், என் கைப்பட எழுத ஆய்வாளர் அனுமதித்தார்.

மேற்படி முகவரியில் நான் என் மனைவி ரத்னாவுடன் வசித்து வருகிறேன். எங்கள் ஒரே மகள் லீலா காஞ்சிபுரத்தில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிறாள். அங்கே வில்வித்தை பழகி வருகிறாள். நாளை ஞாயிறு காலை செங்கற்பட்டில் மாவட்ட அணிக்கான தேர்வு நடக்கிறது. கல்லூரியில் இருப்பது ஒரே இலக்குப் பலகை. அதன் முன் வரிசையில் நிற்பதிலேயே பெண்களுக்கு மாலை முடிந்துவிடுகிறது. வீட்டில் பழகுவதற்காகக் கல்லூரி ஒரு மூங்கில் வில்லைக் கொடுத்தது, பலகை கொடுக்கவில்லை. கடையில் விற்கும் பலகை என் சம்பளத்துக்கு எட்டாதது. என் சம்பளம் ஏன் அப்படி இருக்கிறது என்பது பின்னால் வரும். ஆகவே பலகையை நானே செய்வதென்று முடிவு செய்தேன்.

முதலில் ஒரு கோணிப்பையில் வைக்கோலைத் திணித்துத் தைத்தேன். அம்பு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. அதன் பிறகு அதைப் பக்கத்து வீட்டு பாபுவின் மாடு தின்றுவிட்டது. பாபு வருத்தம் தெரிவிக்கவில்லை. "நல்ல வைக்கோலா போடக் கூடாதா சார்? மாட்டுக்கு வயிறு ஊதிக்கினு கீது" என்றார்.

அதன் பிறகு அட்டைப்பெட்டிகளால் செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் பிரிவில் கிழிந்த பெட்டிகள் அன்றாடம் குப்பைக்குப் போகின்றன. அவற்றை வெளியே கொண்டுபோக பர்சனல் ஆபீசர் கோபாலின் அனுமதி வேண்டும். மேற்படி கோபால் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு நானும் விண்ணப்பித்திருந்தேன். அவர் பி.ஏ. மட்டுமே. எதற்குப் பெட்டி என்று கேட்டார். டார்கெட் செய்வதற்கு என்றேன். அப்போது அவர் ஷிப்டு மாறும் நேரத்தில், எல்லோரும் கேட்க, "பேக்கிங்ல மாசா மாசம் டார்கெட் வர்ல, வூட்டுக்கு மட்டும் டார்கெட் போவுதா சார்?" என்றார். லைனிலிருந்து பொருள் வராமல் பேக்கிங் எதைக் கட்டும் என்பதை நான் பலமுறை எழுத்தில் தெரிவித்திருக்கிறேன். சிரித்து முடித்த பிறகு அனுமதி கொடுத்தார்.

பெட்டிகளைப் பிரித்து, ஒரு சாண் அகலப் பட்டைகளாக அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். அடுக்கின் மேலும் கீழும் பலகை வைத்து, நான்கு மூலையிலும் மரை போட்ட கம்பிகளைக் கோர்த்து நட்டுகளால் முறுக்கினேன். அம்பு அட்டையின் முகத்தில் குத்தக் கூடாது. வெட்டிய விளிம்புப் பக்கமாக இரண்டு அட்டைகளுக்கு நடுவே நுழைய வேண்டும். இறுக்கமே அதைப் பிடித்து நிறுத்தும். தேர்தல் சுவரொட்டிகளின் வெள்ளைப் பின்புறத்தை மைதா பசையால் ஒட்டி, ஆணியும் நூலும் கொண்டு வட்டங்கள் போட்டேன். நடுவே மஞ்சள் தூள், அதைச் சுற்றிச் சிவப்புக்குக் காவிக்கல், அடுத்து சலவை நீலம், அடுத்து அடுப்புக்கரி, கடைசியில் வெறும் வெள்ளை. என் மனைவி வந்து பார்த்து, "மஞ்சள் டப்பாவ காலி பண்ணிட்டு இன்னா கோலம் போட்டுக்கினு கீறீங்க? ராத்திரி கொழம்புக்கு அட்டையைப் போடட்டுமா?" என்றாள். அன்றைய குழம்பு வெளுப்பாகவே இருந்தது.

இனி வழக்குக்குக் காரணமான விஷயம். மஞ்சளில் பட்டால் ஒன்பது அல்லது பத்து, சிவப்பில் பட்டால் ஏழு அல்லது எட்டு என்று புள்ளிகள் குறைந்துகொண்டே போகும். எண்ணைச் சொன்னால் லீலாவுக்குக் கை இறுகிவிடுகிறது. அதனால், கல்லூரிப் பலகையில் அவள் பழகுவதைப் பார்க்கப் போயிருந்த ஒருநாள், எண்ணுக்குப் பதிலாக எனக்குத் தெரிந்த ஆட்களின் பெயரைச் சொன்னேன். மஞ்சள் கோபால், சிவப்பு வெங்கடேசன், வெள்ளை பாபு. அவள் சிரித்தாள். சிரிக்கும்போது தோள் தளர்ந்தது, அம்பு நேராகப் போயிற்று. அன்று முதல் அதையே கடைப்பிடித்தோம்.

மேற்படி வெங்கடேசன் என் மனைவியின் தம்பி. சுங்குவார்சத்திரத்தில் எஸ்.டி.டி. பூத் நடத்துகிறார். ஆறு ஆண்டுகளாக அவரோடு எனக்குப் பேச்சு இல்லை. அவருடைய புதுமனை புகுவிழாவில் என்னை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தார். பாயசம் தீர்ந்திருந்தது. இது வழக்குக்குத் தேவையில்லை என்று ஆய்வாளர் சொன்னார். தேவை என்பது என் கருத்து.

பலகை முடிந்ததும், வேறு பூத் இல்லாததால், வியாழக்கிழமை மாலை மேற்படி பூத்துக்கே சென்றேன். அவரிடம் எதுவும் பேசாமல், நானே எண்களை அழுத்தி விடுதியில் லீலாவை அழைத்தேன். நான் பேசியது வருமாறு: "டார்கெட் ரெடி. நாளைக்கே வந்துடு. முப்பது மீட்டர் அளந்து வெச்சிருக்கேன். கோபாலையே பார்த்து அடி. கோபால் தப்பினா வெங்கடேசன் மேலயாவது படணும்." அப்போது வெங்கடேசன் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தியதை நான் கவனித்தேன். காரணம் விளங்கவில்லை.

மே மாதம் இந்தப் பக்கம் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு, சந்தேகமாக யார் பேசினாலும் தெரிவிக்கும்படி பூத்காரர்களிடம் போலீசார் சொல்லியிருந்தார்களாம். இது எனக்கு அப்போது தெரியாது.

இன்று காலை நானும் லீலாவும் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்தபோது, ஏட்டு எல்லப்பன் இரண்டு காவலர்களுடன் வந்தார். கம்பியும் நட்டும் போட்டு முறுக்கிய பெட்டி போன்ற பொருளைப் பார்த்ததும் எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லி, வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அது வெறும் அட்டை என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்று மரத்துக்குப் பின்னாலிருந்து சொன்னார். பாபுவின் மாடு வந்து பெட்டியை நக்கிய பிறகே அவர் வெளியே வந்தார்.

அதன் பிறகு எங்கள் இருவரையும் வில், அம்பு, பலகையோடு இங்கே அழைத்து வந்தார்கள். பலகையையும் வில்லையும் திங்கட்கிழமை நிபுணர் வந்து பார்த்த பிறகே திருப்பித் தர முடியும் என்று ஆய்வாளர் சொன்னார். நாளை தேர்வு என்று லீலா சொன்னாள். வில்லின் உறையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

அதன் பிறகு ஆய்வாளர் எங்கள் தொழிற்சாலைக்கு டெலிபோன் செய்து கோபாலை அழைத்தார். "அப்பாவுன்னு ஒருத்தர் உங்களை டார்கெட் வெச்சு அடிக்கப் போறதா புகார் வந்திருக்கு. உங்களுக்கு ஏதாவது பயம் இருக்கா?" என்று கேட்டார். கோபாலின் பதில் அறை முழுவதும் கேட்டது. "அப்பாவு சாரா? நான் வந்ததிலேர்ந்து அவரு ஒரு மாசம்கூட டார்கெட் அடிச்சதில்லையே சார்!" ஆய்வாளர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். ஏட்டும் சிரித்தார். கோபால் கூறியது உண்மைக்கு மாறானது. சென்ற ஆண்டு பிப்ரவரியில் அடித்தோம். இதைப் பதிவு செய்யக் கோருகிறேன்.

அதன் பிறகு வளையங்களையும் பெயர்களையும் நான் விளக்கினேன். புகார்தாரர் என்ற முறையில் அங்கே நின்றிருந்த வெங்கடேசன் முன்னால் வந்தார். "எட்டா? ஆறு வருசமா மூஞ்சத் திருப்பிக்கினு போறீங்களே மாமா, நானு வெறும் எட்டா? நேத்து வந்த கோபாலுக்குப் பத்தா?" என்றார். "இரண்டாம் பந்திக்கு எட்டே அதிகம்" என்றேன். ஆறு ஆண்டுகளில் நான் அவரிடம் பேசிய முதல் வாக்கியம் அதுவே.

அம்பு பலகையில் குத்தி நிற்பதை நேரில் பார்த்துவிட்டால் நிபுணர் தேவையில்லை என்று ஆய்வாளர் முடிவு செய்தார். நிலையத்துக்குப் பின்புறம் மதில் ஓரமாகப் பலகையை வைத்து, ஆட்களை விலக்கி, லீலாவிடம் வில்லைக் கொடுத்தார்கள். சீருடைக்காரர்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். அவள் தோள் கல்லாக இறுகியிருந்தது. முதல் அம்பு வெள்ளையின் ஓரத்தில் பட்டது. "கோபாலைப் பார்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியது.

அப்போது வெங்கடேசன், "கண்ணு, என்னியே அடி. மாமா எங்கியும் ஓட மாட்டேன்" என்றார். லீலாவின் உதடு அசைந்தது. தோள் இறங்கியது. அம்பு சிவப்பில் நின்றது. வெங்கடேசன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ செத்தேன்!" என்று ஏட்டின் மேல் சாய்ந்தார். ஏட்டு அவரைத் தாங்கினார். லீலா வாய்விட்டுச் சிரித்தாள். உடனே வெங்கடேசன் எழுந்து, "எட்டு போதாதும்மா, எட்ட வெச்சிக்கினு நாளைக்கு இன்னா பண்ணுவே? அந்தக் கோபாலப் போடு!" என்றார். மூன்றாவது அம்பு மஞ்சளின் நடுவில் பாய்ந்தது. காவலர்கள் கை தட்டினார்கள். இரண்டு பேர் பிடித்து இழுத்த பிறகே அம்பு வெளியே வந்தது. என் முறுக்கு அப்படி.

அதன் பிறகு வெங்கடேசன் புகாரைத் திரும்பப் பெற்றார். வில்லையும் பலகையையும் ஆய்வாளர் ஒப்படைத்தார். நாளை விடியற்காலை தன் வேனில் லீலாவைச் செங்கற்பட்டுக்கு அழைத்துப் போவதாகவும், முன் சீட்டு எனக்கு என்றும் வெங்கடேசன் சொன்னார். பெண்ணின் தேர்வை முன்னிட்டு ஒப்புக்கொண்டேன். பந்தி விஷயம் இதனால் தீர்ந்துவிட்டது என்று இதைப் படிப்பவர் யாரும் பொருள் கொள்ள வேண்டாம்.

மேலே கண்டவை யாவும் நான் சுயநினைவோடு, யார் தூண்டுதலும் இன்றி எழுதியவை, உண்மையானவை. இதில் நான் கூட்டியது ஒன்றுமில்லை. ஆய்வாளர் சொன்னதற்காகக் குறைத்தது உண்டு. இதன் கீழ் வெங்கடேசனும் கையெழுத்திட வேண்டுமாம். அவர் அதற்குள் பேனாவை எடுத்துவிட்டார். வாங்கி வைத்துக்கொண்டேன். முதலில் நான்.

(ஒப்பம்) ச. அப்பாவு

இரண்டாவதாக,
(ஒப்பம்) வெங்கடேசன்