எதிரிமேல அடிக்கக் கூடாத புகை

மோந்து பாருங்க சார், நல்லா மோந்து பாருங்க, நான் வேணாங்கல. ஆனா மூக்கை எடுத்துட்டு என்னை ஏன் அப்படி மொறைக்கிறீங்க? நானா ஊத்தினேன்? இது சோப்பு வாசனை இல்ல, டிரை கிளீனிங் மருந்தும் இல்ல. மொளகா வறுத்தாப்புல மூக்குல ஏறுதுல்ல? கண்ணீர்ப்புகை சார்! உங்க கோட்டு மட்டுமில்ல, இந்தக் கடையில தொங்குற அத்தனை துணியிலயும் அதே கதிதான். என்னது, ஞாயித்துக்கெழமை கல்யாணத்துக்குப் போடணுமா? போடுங்களேன்! பொண்ணு வீட்டுக்காரங்க அழறதுக்குத் தனியா காரணமே தேட வேணாம்... சும்மா சொன்னேன், கோச்சுக்காதீங்க. உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், ஆடும். இதுல உக்காருங்க.

நீங்க ஊர்ல இல்லாததால உங்களுக்கு முழுசாத் தெரிஞ்சிருக்காது. எதிர்ல இருக்கு பாருங்க, குடிநீர் ஆபீஸ், அதுக்கு முன்னாடி மூணு நாளு ரோட்டுல உக்காந்துட்டாங்க. யாரு? எல்லாரும்தான். வாய்க்காலுக்குப் பின்னாடி இருக்கற குடியிருப்பு மொத்தமும் வாளியோட வந்து உக்காந்துச்சு. குழாய்ல செங்கல்லைக் கரைச்சு விட்ட மாதிரி தண்ணி வந்தா பாவம் அதுங்க என்ன செய்யும்? என் கடைக்கும் அதே தண்ணிதான். வெள்ளைச் சட்டையைப் போட்டா டீயில நனைச்ச மாதிரி வெளிய வரும். அதுக்கு எத்தனை பேர்கிட்ட ஏச்சு வாங்கியிருக்கேன் தெரியுமா? நீங்களே ஒருதடவை காலரைத் தூக்கிக் காட்டினீங்கல்ல?

ஆனா சார், நியாயம் ஒரு பக்கம், பொழப்பு ஒரு பக்கம். கடை வாசல்ல மனுஷச் சுவரு! ஒரு கஸ்டமர் உள்ள வர முடியல. போதாக்குறைக்கு, முன் வரிசையில மைக்கைப் புடிச்சுக்கிட்டுக் கத்துறது யாருங்கிறீங்க? என் நாத்தனார்! எங்க வீட்டுக்காரரோட ஒரே தங்கச்சி, குட்டின்னு கூப்பிடுவோம். இங்கதான் துணி பிரிச்சுப் போடுவா. மூணு நாளா வேலைக்கு வரல. ‘ஏண்டி, உள்ள துணி மலை மாதிரி கெடக்கு’ன்னா, ‘அண்ணி, தண்ணி வந்தாத்தானே துணி துவைக்கறது’ங்கிறா. பதில் சொல்ல முடியாத மாதிரி பேசுறவளைக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும் சார்.

மூணாம் நாளு மத்தியானம் போலீஸ் வண்டி வந்து நின்னுச்சு. ஒலிபெருக்கியில ரெண்டு வார்த்தை கலைஞ்சு போங்கன்னாங்க, மூணாவது வார்த்தைக்கு முன்னாடி டப்பு டப்புன்னு சத்தம். ஒரு குண்டு உருண்டுக்கிட்டே நேரா நம்ம வாசப்படிக்கு வந்து, விருந்தாளி மாதிரி உள்ள நுழைஞ்சிடுச்சு! எங்க கடையில சூடு தாங்காதுன்னு பின்சுவர்ல பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டிருக்கோம்ல, அது பின்னாடி காத்தைத் தள்ளத் தள்ள, முன்னாடி ரோட்டுல இருக்கற புகையெல்லாம் உள்ள இழுத்துக்குது. கண்ணு தெரியல. மூச்சு வரல. நானும் அவரும் தவழ்ந்துக்கிட்டே பின்கதவால வெளிய விழுந்தோம். ரோட்டுல குட்டி எங்க, யாரு விழுந்தா, யாரு எழுந்தா ஒண்ணும் தெரியல. அப்புறம் பாத்தா முழங்கை முழுக்க சிராய்ப்போட வந்து நின்னு, ‘அண்ணி, உங்களுக்கு ஒண்ணுமில்லையே?’ங்கிறா.

நம்ம வக்கீலம்மா தெரியும்ல, வாராவாரம் கறுப்பு கவுன் கொண்டாந்து போடுவாங்களே. அவங்ககிட்ட கேட்டேன், ‘ஏம்மா, இந்த மாதிரி புகையெல்லாம் மனுஷங்கமேல அடிக்கக் கூடாதுன்னு உலகத்துல சட்டமே கெடையாதா?’ன்னு. ‘ஏன் இல்ல? ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு. அனேகமா எல்லா நாடும் சேந்திருக்கு, நம்மளும் சேந்திருக்கோம்’னாங்க. எனக்கு வாயெல்லாம் பல்லு. ‘அதுல கண்ணீர்ப்புகையும் வருதா?’ன்னேன். ‘வருதே, போர்ல எதிரிமேல அதை அடிக்கவே கூடாதுன்னு தெளிவாப் போட்டிருக்கு’ன்னாங்க. ‘அப்படிப் போடு! அப்ப இவங்களையெல்லாம் புடிச்சு உள்ள தள்ளிடலாம்’னேன். அந்தம்மா சிரிக்கிறாங்க சார். ‘போர்லதாம்மா கூடாது. சொந்த ஊர்ல கூட்டத்தைக் கலைக்கறதுக்குன்னா அடிச்சுக்கலாம். அதே ஒப்பந்தத்துலயே அதுக்கு எடம் விட்டு வெச்சிருக்காங்க’ன்னாங்க.

எப்படி இருக்கு பாத்தீங்களா? துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு எல்லை தாண்டி வர்றவனுக்குக் கண்ணு எரியக் கூடாது. வாளியைத் தூக்கிக்கிட்டு தெருவுக்கு வர்றவளுக்கு எரியலாம்! மாமியார் உடைச்சா மண்சட்டி, மருமக உடைச்சா பொன்சட்டின்னு சொல்வாங்களே, அதைச் சொன்னவங்க இந்த ஒப்பந்தத்தைப் படிச்சுட்டுத்தான் சொல்லியிருக்கணும். நான் எதிரியாப் பொறந்திருந்தா தப்பிச்சிருப்பேன் சார், வரி கட்டுற மனுஷியாப் போயிட்டேன்.

‘ஏம்மா, எதிரிமேல மட்டும் என்ன அவ்வளவு கரிசனம்?’னு கேட்டேன். ‘கரிசனமெல்லாம் இல்ல. போர்ல இவன் கண்ணீர்ப்புகை போட்டா, அது என்ன புகைன்னு அவனுக்குத் தெரியாது. வெஷப்புகைன்னு நெனைச்சு நெஜமான வெஷத்தைத் திருப்பி அடிச்சிடுவான், அந்தப் பயம்’னாங்க. சரிதான். நம்மகிட்ட திருப்பி அடிக்க என்ன இருக்கு? வாளியும் செங்கத் தண்ணியும். ‘அப்ப எங்க தெருவைத் தனி நாடுன்னு அறிவிச்சுட்டு போர் தொடுத்துடட்டுமா? அப்பவாவது புகை அடிக்க மாட்டாங்கல்ல?’ன்னேன். ‘மாட்டாங்கம்மா, துப்பாக்கியால சுடுவாங்க. அதுக்குத் தடை கெடையாது’ன்னாங்க. படிச்சவங்க சார்... எதுக்கும் பதில் வெச்சிருக்காங்க.

இருங்க, கோட்டு விஷயத்துக்குத்தான் வர்றேன். அந்தப் புகை இருக்கே, அது வெறும் புகை இல்லையாம், பொடியாம். துணியில போயி ஒக்காந்துக்குமாம். அது எங்களுக்கு யாரு சொன்னா? மறுநாளே கடையைத் தொறந்தாச்சு. எங்க வீட்டுக்காரரு, ‘நெஞ்சு கரகரங்குது, இன்னிக்கு ஒருநாள் விட்டுடலாமே’ன்னாரு. நான்தான், ‘ஏற்கெனவே மூணு நாளு போச்சு, கோட்டையெல்லாம் அயர்ன் பண்ணிக் குடுத்துட்டுப் படுங்க’ன்னேன். முதல்ல எடுத்தது உங்க கோட்டுதான். ஸ்டீம் பிரஸ்ஸை அமுக்கினாரு பாருங்க, ஆவியோட சேந்து அத்தனை பொடியும் மூஞ்சியில! ஏற்கெனவே இழுப்பு இருக்கற மனுஷன். அப்படியே மெஷின் மேல சாஞ்சாரு. இன்னிய வரைக்கும் ஆஸ்பத்திரிதான். மூஞ்சியில மாஸ்க்கு. பேசணும்னா அதைத் தூக்கி ரெண்டு வார்த்தை சொல்லிட்டுத் திரும்ப மாட்டிக்கணும். அதுல நேத்து என்ன சொன்னாருங்கிறீங்க? ‘கோட்டு... கருகிடுச்சா?’

ஆமா சார், முதுகுப் பக்கம் கொஞ்சம் கருகித்தான் போச்சு. சொல்லலாம்னுதான் இவ்வளவு நேரமா... ஒரு சாண் அளவுதான். திரும்பி நிக்காம இருந்தா ஒருத்தருக்கும் தெரியாது.

ஸ்டேஷனுக்குப் போயி நஷ்டஈடு கேட்டேன். அங்க இருந்தவரு தலையைக்கூட நிமுத்தல. ‘நாங்களா ஆசைப்பட்டு வந்தோம்? உங்க தெருக் கடைக்காரங்க யாரோதான் போன் பண்ணி, பொழைக்க முடியல, கலைச்சு விடுங்கன்னு கெஞ்சினாங்க. அதனாலதான் வந்தோம்’ங்கிறாரு. குட்டியும் கூட வந்திருந்தா. அவ்வளவுதான், பிடிச்சுக்கிட்டா. ‘எந்தக் கடைக்காரன்னு கண்டுபிடிக்காம விட மாட்டேன் அண்ணி’ன்னு கடை கடையா ஏறி எறங்கினா. பக்கத்து பேக்கரிக்காரரு இருக்காருல்ல, குண்டு மனுஷன், அவரு அன்னிக்குக் கூட்டத்தைப் பாத்து என்னவோ முணுமுணுத்தாராம். அவருதான்னு முடிவு பண்ணிட்டாங்க. இப்ப அங்க ஈ காக்கா எட்டிப் பாக்கறதில்ல. ரொட்டியெல்லாம் காஞ்சு கெடக்கு. நானும் அங்க வாங்குறதை நிறுத்திட்டேன். ஊரோட ஒத்து வாழணும்ல?

என்ன சொல்றீங்க? அவரு உங்களுக்குச் சிநேகிதரா? ...ஓ. அழுதாரா? அவரு போன் பண்ணலன்னு உங்ககிட்ட சத்தியம் பண்ணினாராக்கும். பாவந்தான். எனக்குத் தெரியாதா சார், அவரு பண்ணலன்னு? அந்த மனுஷனுக்கு ஓவன்ல கேக் வெச்சா வேற ஞாபகமே இருக்காது, போன் எங்க பண்ணப் போறாரு?

எப்படித் தெரியுமா? எப்படின்னா... தெரியும். சில விஷயம் அப்படித்தான்... தெரியும். சும்மா கெடக்கற சங்கை ஏன் சார் ஊதிக் கெடுக்கறீங்க?

சரி, இங்க நீங்களும் நானும்தான் இருக்கோம். குட்டி ஆஸ்பத்திரியில அவங்க அண்ணனுக்குத் துணையா இருக்கா, சாயங்காலம்தான் வருவா. யாருகிட்டயாவது சொன்னாத்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வரும். போன் பண்ணது நான்தான் சார். அட, அப்படிப் பாக்காதீங்க! நான் என்ன சொன்னேன்? ‘ஐயா, கொஞ்சம் ஓரமா உக்காரச் சொல்லுங்க’ன்னேன். அவ்வளவுதான். சரி, ‘எப்படியாவது கலைச்சு விடுங்க’ன்னும் சொன்னேன். ‘எப்படியாவது’ன்னா அது எப்படின்னு நான் என்னத்தைக் கண்டேன்? ரெண்டு அதட்டு போடுவாங்க, எழுந்து போவாங்கன்னு நெனைச்சேன். குட்டி முன் வரிசையில இருக்கான்னு தெரியும்தான்... தெரியும். கொஞ்சம் பயந்தா நல்லதுதானேன்னு இருந்துச்சு. பயந்துட்டு வேலைக்கு வருவாள்ல?

பேக்கரிக்காரரு விஷயத்துல நான் ஒரு வார்த்தை பொய் சொல்லல சார். வாயே தொறக்கல. அவங்களா முடிவு பண்ணினா நான் என்ன செய்யறது? இப்பப் போயி நான்தான்னு சொன்னா, எங்க வீட்டுக்காரரு மாஸ்க்கைத் தூக்கி என்ன சொல்லுவாரு? அதை நெனைச்சாத்தான்... விடுங்க. ஒண்ணு செய்யறேன். உங்க கோட்டைப் பச்சைத் தண்ணியில ரெண்டு அலசு அலசி, வெயில்ல போட்டு, கருகின எடத்துக்கு உள்பக்கமா துணி வெச்சுத் தச்சுக் குடுத்துடறேன். காசு ஒரு பைசா வேணாம். இருங்க, அதே கலர்ல உள்ள ஒரு துண்டுத் துணி கெடக்கு, எடுத்துட்டு வந்து காட்டறேன்.

...இந்தாங்க சார், வெளிச்சத்துல வெச்சுப் பாருங்க, கலர் அப்படியே... சார்? எங்க போயிட்டாரு? சார்! கோட்டு வேணாமா? அட, அந்தப் பக்கம் எங்க போறீங்க, பேக்கரி மூடிக் கெடக்கு சார்! ஆளே வராத கடையில என்ன... போறாரு. கதவைத் தட்டுறாரு.

போகட்டும். சொன்னா யாரு நம்பப் போறா? அவருகிட்ட என்ன ஆதாரம் இருக்கு? சோப்பு வாசனைக்கும் புகை வாசனைக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு, இன்னொருத்தர் பேச்சை மட்டும் ஒழுங்கா கேட்டிருப்பாராக்கும்...

யாரது, துணிக்குப் பின்னால? எலியா?

குட்டி! நீ... நீ எப்ப வந்தே? பின்கதவைத் தாப்பாள் போடாம விட்டுட்டேனா? அண்ணனை யாரு பாத்துக்கறா? சாயங்காலம் வர்றேன்னுதானே சொன்னே? சாப்பிட்டியா? ஏன் அங்கயே நிக்கறே, வெளிய வா, ஹேங்கர் கண்ணுல குத்திடப் போகுது. அந்த ஆளுகிட்ட சும்மா, வாய்க்கு வந்ததை... கஸ்டமர்கிட்ட பேசுறதுக்கெல்லாம் ஒரு அர்த்தம் உண்டா? நீயே சொல்லுவியே, அண்ணிக்கு வாய் கடை தொறக்கற நேரத்துக்குத் தொறந்தா மூடற நேரத்துக்குத்தான் மூடும்னு.

அந்தக் கை எப்படிடி இருக்கு, மருந்து போட்டியா? கிட்ட வா, பாக்கறேன். வர மாட்டியா?

மூணு நாளு ரோட்டுல மைக்கு வெச்சுக் கத்துனவ ஆச்சே. இப்ப கத்து. கடையில யாருமில்ல. கத்து குட்டி.