ஓட்டுறவர் பக்கத்துக் கண்ணாடி

இல்லண்ணே, வண்டிய இங்க கொண்டு வர முடியாது. வந்ததுலேருந்து அதத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன். கண்ணாடிய மட்டும் குடுங்க, கூட அந்த ஓரத்து ரப்பரும் குடுங்க, நானே மாத்திக்கிறேன். ஓட்டுறவர் பக்கத்துக் கதவு. இந்தாங்க, பழைய ரப்பர்ல ஒரு துண்டு வெட்டிக் கொண்டாந்திருக்கேன், பாருங்க. தொட்டாலே உதிருது. பழைய கார்தாண்ணே. பட்டன் எல்லாம் கிடையாது, கைப்பிடியச் சுத்தி ஏத்தி இறக்குறது.

சிரிக்காதீங்க. இவளாவது கதவப் பிரிக்கிறதாவதுன்னுதானே பாக்குறீங்க? ஒரு தடவ பிரிச்சுப் பாத்துட்டேன். கைப்பிடிக்குப் பின்னாடி ஒரு கம்பி கிளிப் இருக்கு, அதத் தள்ளினா கைப்பிடி கையோட வந்துருது. அப்புறம் கதவோட உள்பக்கத்து அட்டை. அட்டைக்குப் பின்னாடி ஒரு பிளாஸ்டிக் தாள ஒட்டி வச்சிருக்கான். நான் தையல்காரிண்ணே. கொக்கி, ஊக்கு, பட்டன்னு இந்த விரலுக்கு இத்தனை வருஷமா அதுதானே வேலை. அட்டைய மாட்டுற கிளிப்புல ஒண்ணு ரெண்டு ஒடஞ்சுபோச்சு, அது உண்மைதான். அதையும் சேத்துக் குடுங்க.

என்ன ஆச்சுன்னா, கண்ணாடி மேல நிக்கவே மாட்டேங்குது. ஏத்தி விட்டா ஒரு குலுக்கல்ல சரிஞ்சு கீழ போயிருது. என் வீட்டுக்காரரு உள்ளங்கைய வச்சு அழுத்தி அழுத்தித் தூக்கி, இப்ப மூலையில விரிசல் வேற. நானும் அட்டைத் துண்ட மடிச்சுச் சொருகிப் பாத்தேன், டேப் ஒட்டிப் பாத்தேன். ஹ்ம், எதுவும் நிக்கல. மழை பெஞ்சா நேரா அவரு தோள்லதான். சட்டை ஒரு பக்கம் மட்டும் ஈரம். சீட்டு ஊறி ஊறி ஒரு நாத்தம் அடிக்குது பாருங்க, வாளியில ஊறப்போட்டு மறந்துட்ட துணி மாதிரி.

ஏன் இந்தப் பக்கம் மட்டும் தேஞ்சிருக்குன்னா? நல்லாக் கேட்டீங்க. மத்த மூணும் புதுசு மாதிரிதான் இருக்கு. இது ஒரு நாளைக்கு எத்தனை தடவ ஏறி இறங்குதுன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகாம இருப்பேனா? போனேன். நல்ல மனுஷன்தான். வண்டிய விட்டுட்டுப் போங்கம்மா, ரெண்டு நாள்ல வந்து எடுத்துக்கலாம்னாரு. வீட்டுக்கு வந்து சொன்னேன். சாப்ட்டுக்கிட்டிருந்த மனுஷன் தட்டத் தள்ளி வச்சுட்டாரு. ரெண்டு நாளான்னாரு. அவ்வளவுதான். சண்டைக்கு வந்திருந்தா நானும் பதிலுக்கு நாலு வார்த்த பேசியிருப்பேன். சின்னப் பிள்ள மாதிரியில்ல கேட்டாரு, தட்டத் திரும்ப அவரு முன்னாடி நகத்தி வச்சேன்.

மத்தியானம் சாப்ட்டுட்டுக் கொஞ்ச நேரம் கண்ணசருவாரு. அதுக்குள்ள முடிச்சாகணும். முடியுமாண்ணே? கண்ணாடிக்கு அடியில போல்ட்டு இருக்குல்ல, அதக் கழட்டுறப்ப கண்ணாடி கதவுக்குள்ள விழுந்துராம டேப்பு போட்டுக்கணும், அப்படித்தானே? ஒடஞ்சாவா? ஒடஞ்சா ஒடஞ்சுட்டுப் போகுதுண்ணே. எங்க வீட்டுல இனிமே ஒடையறதுக்கு என்ன இருக்கு.

மனசு விட்டுச் சொன்னா, செய்யலாமா வேணாமான்னு எனக்கே ரெண்டு மனசுதான். என் தங்கச்சி விட்டுருங்கிறா. ஒழுகட்டும், நனைஞ்சு நனைஞ்சு சலிச்சுப்போய் அத்தான் ஒரு நாள் வீட்டுலயே உக்காந்துருவாருங்கிறா. அதுவும் சரின்னுதான் படுது. சரி பண்ணிக் குடுத்தா இன்னும் போவாரு. பண்ணலன்னா நனைஞ்சுக்கிட்டே போவாரு. எப்படியும் போறது நிக்கப்போறதில்ல. அப்ப நனையாமலாவது போகட்டுமே.

எங்கயா? எங்கயும் இல்ல. தெருத் தெருவா.

ஆமா, வெள்ளை வண்டி. முன்னாடி நசுங்கியிருக்கும். ஓ, உங்க கடைக்கும் வந்தாரா? போட்டோவ நீட்டினாரா? அவரேதாண்ணே. பக்கத்துல இருந்தது நான்தான். தலையக் குனிஞ்சே உக்காந்திருப்பேன், அதான் உங்களுக்கு அடையாளம் தெரியல. முதல்லல்லாம் எல்லாரும் நின்னு பாத்தாங்க. போட்டோவ வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாங்க. இப்ப வண்டி திரும்புறதப் பாத்தாலே கடைக்குள்ள போயிடறாங்க. அவங்களச் சொல்லித் தப்பில்ல. இல்லீங்க, பாக்கலீங்கன்னு அவங்களும் எத்தனை தடவதான் சொல்லுவாங்க? ஒரு டயர் கடைக்காரரு மட்டும் ஒவ்வொரு தடவையும் புதுசாப் பாக்குற மாதிரி பாத்துட்டு, கண்ணுல பட்டா சொல்றேங்கம்பாரு. மகராசன்.

எங்க பையன்தான். ஒரே பையன். வேலைக்குப் போயிட்டு வர்றேம்மான்னு செருப்ப மாட்டிக்கிட்டுப் போனான். போனவன் வரல.

நல்ல மனசோடதான் சொல்றீங்க. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க, கண்டிப்பாக் கிடைச்சிருவான்னு. ஆனா அவன் கிடைச்சுட்டாண்ணே. வெயில் காலத்துலேயே கிடைச்சுட்டான். ஆத்துல, மதகுகிட்ட.

ரெண்டு பேருந்தான் போய்ப் பாத்தோம். சட்டை நான் தச்சது, எனக்குத் தெரியாதா? அவருதான் குனிஞ்சு முகத்தப் பாத்துட்டு ஆமான்னு சொன்னாரு. அவரு கையாலதான் மண்ணு தள்ளினாரு. இல்லண்ணே, புத்தியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பையன் எங்கன்னு நான் கேட்டா எந்த மரத்தடியில புதைச்சோம்னு சரியாச் சொல்லுவாரு. மண்ணு தள்ளின மறுநாள் காலையில எந்திரிச்சாரு, குளிச்சாரு, சாவிய எடுத்தாரு. வண்டியில ஏறிப் போட்டோவ மடியில வச்சுக்கிட்டாரு. நானும் ஏறி உக்காந்தேன்.

கண்ணாடியப் பேப்பர்ல சுத்திக் குடுங்கண்ணே. மூலையில கொஞ்சம் தடிமனாச் சுத்துங்க, பஸ்ஸுல போகணும்.

நேத்து என்னாச்சு தெரியுமா? நனைஞ்சு நனைஞ்சு அவருக்குத் தொண்ட கட்டிப்போச்சு. பஸ் நிக்கிற இடத்துல ஒரு அம்மா குடையப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. இந்தப் பக்கத்துக்குப் புதுசு போல. இவரு வண்டிய ஓரமா நிறுத்திட்டு வாயத் திறக்குறாரு, வெறும் காத்துதான் வருது. அந்தம்மா குனிஞ்சு என்னங்க, என்னங்கன்னு கேக்குறாங்க. இவரு திரும்பி என்னையப் பாத்தாரு. நான் அவரு மடியிலேருந்து போட்டோவ எடுத்தேன். அவரத் தாண்டி எட்டி கண்ணாடி சரிஞ்சு கிடந்த அந்த ஜன்னல் வழியா நீட்டி, எங்க பையன எங்கயாவது பாத்தீங்களாம்மான்னு நானே கேட்டேண்ணே.