எழுதாமல் விட்ட எழுபது நாள்

பெயர் ஜெனேசியோ பெசேரா. வயது எழுபத்தொன்று. தொழில் ஆடு மேய்ப்பது. முகவரி பெத்ரா லீசா குடியிருப்பு, பரைபா மாநிலம், பிரேசில். என் அடையாள அட்டையில் கையெழுத்துப் போடும் இடத்தில் 'எழுதப் படிக்கத் தெரியாதவர்' என்று அச்சாகியிருக்கிறது. அது பழைய செய்தி. இந்த வாக்குமூலத்தை நீதிமன்ற எழுத்தர் லுசியேனி அம்மாள் முன்னிலையில் நானே என் கையால் எழுதுகிறேன்.

என் மகள் எதிலேனியின் பெண் ஜாமிலிக்கு வயது ஆறு. கைக்குழந்தையிலிருந்து வலிப்பு நோய். நான்கு மருந்து கொடுத்தும் நிற்காததால் மருத்துவர் கஞ்சா எண்ணெய் எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு நாங்கள் மனு போட்டதில், நீதிமன்றம் தொண்ணூறு நாளுக்கு மட்டும் அனுமதி தந்து, வலிப்பு வருவதை வீட்டில் ஒருவர் நோட்டில் குறித்துவர வேண்டும், அதைப் பார்த்துத்தான் நிரந்தர அனுமதி என்றது. எதிலேனி தையல் ஆலைக்குப் போகிறவள். குழந்தையோடு இருப்பவன் நான். முதியோர் வகுப்பில் அப்போதுதான் எழுதக் கற்றிருந்ததால் நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை விசாரணையில் அரசு வழக்கறிஞர் நோட்டைப் புரட்டி, "பெரியவரே, தொண்ணூறு நாள்ல இருபது நாள்தான் எழுதியிருக்கீங்க. மத்த நாள்ல தூங்கிட்டீங்களா?" என்றார்.

"வந்தாத்தானேய்யா எழுதறதுக்கு!" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. காலிப் பக்கம் சாட்சி ஆகாது என்றார். அதன் பிறகு வெளியே எதிலேனி, "'இன்னிக்கு வரல'ன்னு ரெண்டு வார்த்தை எழுதினா உங்க பேனா தேஞ்சா போயிடும், அப்பா?" என்று கேட்டாள். வீட்டில் எண்ணெய் பதினோரு நாளுக்குத்தான் இருந்தது.

தவறு என்னுடையது. எங்கள் பக்கம் மேய்ப்பவன் முதலாளிக்குக் காட்டக் கோலில் வெட்டுப் போடுவான். செத்த ஆட்டுக்கும் காணாமல் போன ஆட்டுக்கும்தான் வெட்டு. வெட்டு இல்லையென்றால் ஆடு நன்றாக மேய்கிறது என்று பொருள். ஐம்பது வருடம் கோலை அப்படி வைத்திருந்தவன் நோட்டையும் அப்படியே வைத்தேன். வலிப்பு வந்த நாள் முதல் மாதம் பதினான்கு, அடுத்த மாதம் ஐந்து, மூன்றாம் மாதம் ஒன்று.

நேற்று ஜாமிலியின் பள்ளிக்குப் போய் வருகைப் பதிவேட்டை விரல் வைத்து நானே வாசித்தேன். நோட்டில் நான் எழுதிய நாட்களில் அவள் பள்ளிக்கு வரவில்லை. எழுதாத நாட்களில், பள்ளி நடந்த அன்றெல்லாம் வந்திருக்கிறாள். முத்திரை வைத்த நகலை இத்துடன் தருகிறேன்.

இப்போது தினமும் எழுதுகிறேன். இன்று எழுதியது: 'வலிப்பு இல்லை. சோளமாவுப் புட்டு இரண்டு தடவை கேட்டாள். ஆட்டுக்குட்டியைத் துரத்தி விழுந்தாள். விழுந்தது கல் தடுக்கி.'

எழுத்தர் அம்மாள் பெருவிரல் ரேகைக்கு மைப்பெட்டியைத் திறந்துவைத்து, "சாப்பாட்டு நேரம் தாண்டிப் போச்சு, பெரியவரே" என்கிறார். மூடிவிடச் சொன்னேன்.

மேலே எழுதியதெல்லாம் நடந்தது. எழுதாமல் விட்ட எழுபது நாளும் நடந்தது. அவற்றையும் என் சாட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

(கையெழுத்து)
ஜெனேசியோ பெசேரா